அப்சிடியனில் தமிழ்க் குறிப்புகள்: எழுத்துரு முதல் நிறம் வரை தோற்றத்தை மாற்றியமைக்க ஒரு முழு வழிகாட்டி

ஒரு மார்க்டவுன் கோப்புக்குச் சொந்த முகம் கிடையாது. வேர்ட் ஆவணத்தில் எழுத்துரு, அளவு, நிறம் எல்லாம் கோப்புக்குள்ளேயே பதிந்து கிடக்கும். அதை இன்னொருவருக்கு அனுப்பினால் உங்கள் அலங்காரமும் கூடவே போகும். 2004இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட மார்க்டவுன் முறையில் அப்படியில்லை. தலைப்புக்கு ஒரு ஹேஷ் குறி, அழுத்தத்துக்கு நட்சத்திரக் குறி, மற்றபடி வெறும் எழுத்து. அதை எப்படிக் காட்டுவது என்பதைத் திறக்கும் செயலிதான் முடிவு செய்கிறது. ஆகவே தோற்றத்தில் நீங்கள் எவ்வளவு புகுந்து விளையாடினாலும் குறிப்புகளில் ஓர் எழுத்துகூட மாறாது. தயங்காமல் கை வைக்கலாம்.

இந்த வழிகாட்டி, மார்க்டவுன் கோப்புகளாகக் குறிப்பெழுத உதவும் அப்சிடியன் செயலிக்கானது. ஷீடா லீ, எரிக்கா சூ இருவரும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட இந்தச் செயலி கணினியில் குரோமியம் உலாவியின் அடித்தளத்தில் இயங்குகிறது. வலைப்பக்கங்களின் தோற்றத்தை நிர்ணயிக்கும் சிஎஸ்எஸ் விதிகள் இங்கேயும் செல்லும் என்பதுதான் அதனால் நமக்குக் கிடைக்கும் லாபம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் கீழே உள்ளவை பொருந்தும். கைபேசிக்கு மட்டும் தனியே சொல்கிறேன்.

புதிதாக நிறுவியவுடன் தீம் (ஆயத்தத் தோற்றத் தொகுப்பு) பட்டியலைத் திறந்து, கண்ணைப் பறிக்கும் கறுப்புத் தோற்றம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் கை துறுதுறுக்கும். தமிழில் எழுதுகிறவர்களுக்கு அது தலைகீழ் வரிசை. அந்தத் தீம்களின் வரி இடைவெளியும் தலைப்பின் இடைவெளியும் லத்தீன் எழுத்தைப் பார்த்து வைத்த அளவுகள். தமிழில் ‘கீ’யின் சுழி மேலே போகிறது, ‘ழு’வின் வால் கீழே இறங்குகிறது, சொற்களோ நீளமானவை. அளவு சரியில்லாத சட்டையில் நல்ல நிறம் பார்த்துப் பயனில்லை. முதலில் எழுத்துரு, அடுத்து எழுத்தின் அளவும் வரி அகலமும், பிறகு தீம், அதன் பின் நுட்பமான திருத்தங்கள், எல்லாம் முடிந்த பிறகே நிறம். இந்த வரிசையிலேயே போவோம்.

முன்னேற்பாடு: ஒரு சோதனைக் களம்

குறிப்புகள் இருக்கும் கோப்புறையை அப்சிடியன் ‘வால்ட்’ என்கிறது. ஒவ்வொரு வால்ட்டுக்குள்ளும், புள்ளியில் தொடங்கும் ‘.அப்சிடியன்’ என்ற பெயரில், மறைந்திருக்கும் கோப்புறை ஒன்று உண்டு. தீம்கள், ஸ்னிப்பெட்டுகள் (நாமே எழுதும் சிறு சிஎஸ்எஸ் கோப்புகள்), பிளகின்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. நீங்கள் தேர்ந்தெடுத்த எழுத்துரு, அளவு போன்ற விவரங்கள் அதே இடத்தில் ஒரு சிறிய ஜேசன் கோப்பில் பதிவாகின்றன. அதாவது, தோற்றம் வால்ட்டுக்கு வால்ட் மாறலாம். ஒரு வால்ட்டில் செய்த மாற்றம் இன்னொன்றில் தானாக வராது.

எனவே புதிதாக ஒரு வெற்று வால்ட்டை உருவாக்கி அதில் சோதித்துப் பாருங்கள். திருப்தியான பிறகு அந்த மறைவுக் கோப்புறையிலிருந்து வேண்டியதை உங்கள் உண்மையான வால்ட்டுக்கு நகலெடுத்துக்கொள்ளலாம்.

சோதனைக்கு ஒரு மாதிரிக் குறிப்பு தேவை. இரண்டு வரிக்கு நீளும் ஒரு தலைப்பு, இரண்டாம் மூன்றாம் நிலைத் தலைப்புகள், ஆங்கிலச் சொல்லும் எண்ணும் கலந்த ஒரு பத்தி, தடித்த எழுத்து, சாய்வெழுத்து, இரண்டு இணைப்புகள், ஒரு மேற்கோள், ஒரு சிறு அட்டவணை ஆகியவை அதில் இருக்கட்டும். கூடவே எழுத்துருவின் குட்டு வெளிப்படும்படி ஒரு வாக்கியம்: “ஸ்ரீரங்கத்தில் ஞாயிறன்று கீரியும் பூனையும் கூழுக்குச் சண்டையிட்டதை ஔவையார் வீட்டு ஜன்னல் வழியே பார்த்தேன்.” பொருளில் ஒன்றுமில்லை, ஸ்ரீ, ஞா, கீ, பூ, ழு, ஔ, ஜ என்று சிக்கல் தரும் எழுத்துகள் எல்லாம் ஒரே வரியில் வந்துவிடுகின்றன, அவ்வளவே.

எழுத்துரு

நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் இயங்குதளம் தன்னிடமுள்ள தமிழ் எழுத்துருவைக் காட்டும். விண்டோஸில் அது பெரும்பாலும் நிர்மலா யுஐ. பழைய கணினிகளில் லதா. மேக்கில் தமிழ் சங்கம் எம்என், இணைமதி ஆகியவை இருக்கின்றன. நிர்மலா யுஐ, பெயரிலுள்ள ‘யுஐ’ (பயனர் இடைமுகம்) சொல்வதுபோல, மெனுக்களுக்கும் பொத்தான்களுக்கும் என வரையப்பட்டது. சின்ன அளவில் தெளிவாக இருக்கும். பக்கம் பக்கமாகப் படிக்க எனக்கு அது பிடிப்பதில்லை.

கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ் எழுத்துருக்களிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்துருவுக்கு எத்தனை தடிமன்கள் இருக்கின்றன என்பதை அவசியம் கவனிக்க வேண்டும். மீரா இனிமையும் பவனமும் அழகானவைதான், ஆனால் இரண்டிலும் ஒரே தடிமன். நீங்கள் ஒரு சொல்லைத் தடித்த எழுத்தாக்கினால், தடித்த வடிவம் இல்லாததால் உலாவியே கோடுகளை ஊதிப் பெரிதாக்கிக் காட்டும். ‘ஞ’, ‘ஜ’, ‘ஐ’ போன்ற எழுத்துகளின் உள்வெளிகள் அடைத்துக்கொண்டு மைக்கறை போலாகிவிடும். முக்தா மலரில் ஏழு தடிமன்கள், ஹிந்த் மதுரையில் ஐந்து, கேட்டமரானில் ஒன்பது. எக் டைப் குழுவினர் 2022இல் வெளியிட்ட அனேக் தமிழில் தடிமன் மட்டுமல்ல, அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம். நீண்ட சொற்கள் மலிந்த தமிழுக்குச் சற்றே ஒடுங்கிய வடிவம் கோப்புப் பட்டியல் போன்ற குறுகிய இடங்களில் பெரும் உதவி. நீளமான கட்டுரைகளுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் என் தேர்வு. கோடுகளின் தடிப்பும் மெலிவும் அச்சுப் புத்தகத்தின் சாயலைத் தருகின்றன. அன்றாடக் குறிப்புகளுக்கு முக்தா மலர் போதும்.

எழுத்துருவைக் கணினியில் நிறுவி, அப்சிடியனை ஒருமுறை மூடித் திறங்கள். பிறகு செட்டிங்ஸ் பகுதிக்குள் ‘அப்பியரன்ஸ்’ பக்கத்துக்குப் போனால் எழுத்துருவுக்கு மூன்று இடங்கள் இருக்கும். ‘இன்டர்ஃபேஸ் ஃபாண்ட்’ என்பது மெனு, பக்கப்பட்டை ஆகியவற்றுக்கு. ‘டெக்ஸ்ட் ஃபாண்ட்’ குறிப்புகளின் உடலுக்கு. ‘மோனோஸ்பேஸ் ஃபாண்ட்’ நிரல் வரிகளுக்கு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள ‘மேனேஜ்’ பொத்தானை அழுத்தினால் எழுத்துருவின் பெயரைச் சேர்க்கும் பெட்டி திறக்கும்.

அந்தப் பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துருக்களைச் சேர்க்கலாம் என்பது பலர் கண்ணில் படுவதில்லை. இருமொழியில் எழுதுகிறவர்களுக்கு இதைவிட உபயோகமான வசதி வேறில்லை. உலாவி ஒவ்வொரு எழுத்துக்கும் பட்டியலின் முதல் எழுத்துருவைத் தேடும். அதில் அந்த எழுத்து இல்லையென்றால் அடுத்ததற்குப் போகும். ஆகவே உங்களுக்குப் பிடித்த ஆங்கில எழுத்துருவை முதலிலும் தமிழ் எழுத்துருவை இரண்டாவதாகவும் வையுங்கள். ஆங்கில எழுத்துருவில் தமிழ் இருக்காது. தமிழ் வரும்போதெல்லாம் இரண்டாவது வந்து உட்காரும். வரிசையை மாற்றி வைத்தால், பல தமிழ் எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளும் சேர்ந்தே இருப்பதால், உங்கள் ஆங்கிலத் தேர்வுக்கு வேலையே இருக்காது. எண்களும் முதல் எழுத்துருவிலிருந்தே வரும். கணக்கு வழக்கு எழுதுகிறவர்கள் எண்கள் ஒரே அகலத்தில் இருக்கும் எழுத்துருவை முதலில் வைப்பது நல்லது.

மோனோஸ்பேஸ் விஷயத்தில் தமிழருக்கு விமோசனம் இல்லை. எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்ற கட்டுக்குள் ‘ன’வையும் ‘ணௌ’வையும் அடைக்க முடியாது. நிரலுக்கு வழக்கமான ஆங்கில எழுத்துருவையே வைத்துவிட்டு, அட்டவணைகளின் செங்குத்துக் கோடுகளை இடைவெளி தட்டி நேராக்கும் முயற்சியைக் கைவிடுங்கள். எழுதும்போதே வடிவத்தைக் காட்டும் லைவ் பிரிவ்யூ முறையில் அட்டவணை அட்டவணையாகவே தெரியும்.

அளவும் வரி அகலமும்

அதே பக்கத்தில் ‘ஃபாண்ட் சைஸ்’ என்ற நழுவுக்கோல் இருக்கிறது. இயல்பாக 16. தமிழுக்கு 17 அல்லது 18 வைத்துப் பாருங்கள். எழுத்துருவுக்கு எழுத்துரு இது மாறும். கீழேயே உள்ள ‘குவிக் ஃபாண்ட் சைஸ் அட்ஜஸ்ட்மெண்ட்’ வசதியை இயக்கினால் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தைச் சுழற்றியே அளவை மாற்றலாம். கன்ட்ரோலுடன் கூட்டல் குறி அழுத்துவது வேறு. அது மெனு, பக்கப்பட்டை எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கிவிடும்.

அடுத்து ‘எடிட்டர்’ பக்கத்தில் ‘ரீடபிள் லைன் லெங்த்’. இது இயங்கும்போது வரியின் அகலம் 700 பிக்செலுக்குள் நிற்கும். ஆங்கிலத்துக்கு அது நல்ல அகலம். 18 அளவுள்ள தமிழில் அதே அகலத்தில் ஐந்தாறு சொற்கள்தான் அடங்கும். ‘எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ போன்ற ஒரு சொல் வரிக் கடைசியில் இடம் போதாமல் அடுத்த வரிக்குத் தாவினால், வலது ஓரத்தில் அரைச் சாண் வெற்றிடம் விழும். அதற்காக இந்த வசதியையே நிறுத்திவிட்டால் வரி திரையின் கோடிக்குக் கோடி ஓடும். வரி முடிந்து கண் திரும்பும்போது அடுத்த வரியைத் தேட வேண்டியிருக்கும். வசதி இயங்கிக்கொண்டே இருக்கட்டும். 700ஐ மட்டும் 800க்குப் பக்கத்தில் உயர்த்த வேண்டும். அதற்கு இந்தப் பக்கத்தில் பொத்தான் இல்லை. ஸ்னிப்பெட் பகுதியில் செய்வோம்.

திரையிலிருந்து எதை அகற்றலாம்

‘அப்பியரன்ஸ்’ பக்கத்தில் ‘ஷோ ரிப்பன்’, ‘ஷோ டேப் டைட்டில் பார்’, ‘ஷோ இன்லைன் டைட்டில்’ என்று சில விசைகள் இருக்கின்றன. இவற்றில் கடைசியானது மட்டும் விளக்கம் கேட்பது. அது கோப்பின் பெயரைக் குறிப்பின் உச்சியில் பெரிய தலைப்பாகக் காட்டும். நீங்கள் குறிப்புக்குள்ளும் முதல்நிலைத் தலைப்பு எழுதும் பழக்கமுள்ளவர் என்றால் ஒரே தலைப்பு இரண்டு முறை தெரியும். இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள். மற்றவற்றை அணைத்துப் பார்த்து, வேண்டுமென்றால் திரும்ப இயக்கிக்கொள்ளலாம்.

தீம்

‘அப்பியரன்ஸ்’ பக்கத்தில் ‘தீம்ஸ்’ வரிசையில் ‘மேனேஜ்’ பொத்தானை அழுத்தினால் பட்டியல் திறக்கும். மினிமல், திங்ஸ், அனுப்புச்சின், பார்டர் என்று புகழ்பெற்ற பெயர்கள் பல. தேர்வு உங்கள் ரசனை. என் பரிந்துரை: முதலில் இயல்பான தீமிலேயே எழுத்துருவும் வரி இடைவெளியும் சரியாக அமையட்டும், அதற்குப் பிறகும் குறை தெரிந்தால் மட்டும் தீமுக்குப் போங்கள். பாதிப் பேருக்குத் தேவையே இருக்காது என்று நினைக்கிறேன்.

தீம் வேண்டுமென்றால் மினிமல் நல்ல தொடக்கம். அதை உருவாக்கிய ஸ்டெஃப் ஆங்கோதான் 2023 முதல் அப்சிடியனின் தலைமைச் செயல் அலுவலர். இந்தத் தீமுக்கென ‘மினிமல் தீம் செட்டிங்ஸ்’ என்ற பிளகின் தனியே இருக்கிறது. வரி அகலம், வரி இடைவெளி, நிறத் தொகுப்பு எல்லாவற்றையும் அதில் எண்ணைத் தட்டியே மாற்றலாம். வேறு பல தீம்கள் ‘ஸ்டைல் செட்டிங்ஸ்’ என்ற பொதுப் பிளகினைப் பயன்படுத்துகின்றன. சிஎஸ்எஸ் என்றாலே ஒவ்வாதவர்கள் இந்த இரண்டில் ஒன்றோடு நின்றுகொண்டு அடுத்த பகுதியைத் தாண்டிவிடலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பிளகின்களை இயக்க ‘ரெஸ்ட்ரிக்டட் மோட்’ என்ற பாதுகாப்பை நீக்க வேண்டும். தீமும் ஸ்னிப்பெட்டும் தோற்ற விதிகள் மட்டுமே. பிளகின் என்பது உங்கள் கோப்புகளைத் திறக்கவும் எழுதவும் வல்ல நிரல். அழகுக்காக ஐந்தாறு பிளகின்களை அடுக்குவதைவிட, பத்து வரி சிஎஸ்எஸ் எழுதுவது பத்திரமானது, வேகமானதும்கூட.

ஸ்னிப்பெட்: அந்தப் பத்து வரி

ஸ்னிப்பெட் என்பது சிஎஸ்எஸ் விதிகள் அடங்கிய சிறு உரைக் கோப்பு. தீம் எதுவாக இருந்தாலும் அதன் மேல் இது ஏறி உட்காரும்.

‘அப்பியரன்ஸ்’ பக்கத்தின் அடியில் ‘சிஎஸ்எஸ் ஸ்னிப்பெட்ஸ்’ பகுதி இருக்கும். அதிலுள்ள கோப்புறைச் சின்னத்தை அழுத்தினால் சரியான கோப்புறை நேராகத் திறக்கும். மறைவுக் கோப்புறையைத் தேடி அலைய வேண்டாம். அங்கே ஒரு புதிய உரைக் கோப்பு உருவாக்குங்கள். பெயர் தமிழிலேயே இருக்கலாம். பின்னொட்டு மட்டும் புள்ளியும் சிஎஸ்எஸ் என்ற மூன்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளும். விண்டோஸ் நோட்பேடில் சேமிக்கும்போது ‘ஆல் ஃபைல்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அது தன் பங்குக்கு டிஎக்ஸ்டி என்ற வாலையும் ஒட்டிவிடும். அப்சிடியனுக்கு அந்தக் கோப்பு கண்ணிலேயே படாது. ‘ஸ்னிப்பெட் வரவில்லை’ என்று யாராவது புலம்பினால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

இப்போது கோப்புக்குள். அளவு, நிறம் போன்ற ஒவ்வொரு மதிப்புக்கும் அப்சிடியன் வைத்திருக்கும் பெயர்தான் மாறி. அந்தப் பெயர்களை இங்கே ஒலிப்பில் தருகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், சொற்களுக்கு நடுவே ஒரு சிறுகோடும், மாறியின் பெயருக்கு முன்னால் இரண்டு சிறுகோடுகளும் இட வேண்டும். அப்சிடியனின் நிரலாளர் கையேட்டில் ‘சிஎஸ்எஸ் வேரியபிள்ஸ்’ என்ற பகுதியில் எல்லாப் பெயர்களும் இருக்கின்றன; அங்கிருந்து நகலெடுத்து ஒட்டினால் எழுத்துப்பிழைக்கு இடமில்லை.

முதல் வரியில் ‘பாடி’ என்ற சொல்லை எழுதி, நெளிவு அடைப்புக்குறியைத் திறங்கள். அதற்குள் வரிக்கு ஒன்றாக: மாறியின் பெயர், முக்காற்புள்ளி, மதிப்பு, அரைப்புள்ளி. எல்லாம் முடிந்ததும் அடைப்புக்குறியை மூடுங்கள். உள்ளே வர வேண்டியவை இவை.

‘ஃபைல் லைன் விட்த்’ என்பதுதான் நாம் தேடிய வரி அகலம். 800 என்று எழுதி, இடைவெளி விடாமல் பிக்செலைக் குறிக்கும் பிஎக்ஸ் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேருங்கள். பெரிய திரையும் பெரிய எழுத்தும் வைத்திருப்பவர்கள் 850 வரை போகலாம்.

‘லைன் ஹைட் நார்மல்’ வரி இடைவெளி. இயல்பு மதிப்பு 1.5. தமிழுக்கு 1.7 முதல் 1.8 வரை. இதற்கு அலகு எதுவும் வேண்டாம். எழுத்தின் அளவைப் போல் எத்தனை மடங்கு என்பதே கணக்கு. இந்த ஒரு வரியை மட்டும் எழுதிச் சேமித்துவிட்டு மாதிரிக் குறிப்பைப் பாருங்கள். ‘கூழுக்கு’ என்ற சொல்லின் கீழ்ச்சுழிகளுக்கும் அடுத்த வரியிலுள்ள மேற்சுழிகளுக்கும் நடுவே காற்று புகுந்திருக்கும்.

‘எச்1 லைன் ஹைட்’, அதேபோல் எச்2, எச்3. உடலின் வரி இடைவெளியைக் கூட்டுகிறவர்கள் தலைப்பை மறந்துவிடுகிறார்கள். முதல்நிலைத் தலைப்புக்கு இயல்பாக 1.2தான் கொடுத்திருக்கிறார்கள். ஆங்கிலத் தலைப்பு ஒரே வரியில் முடிவதால் அது உறுத்துவதில்லை. தமிழ்த் தலைப்பு எளிதில் இரண்டு வரிக்கு மடங்கும். மடங்கினால் மேல்வரியின் ‘ரூ’, ‘ழு’ போன்றவை கீழ்வரியின் ‘டீ’, ‘கீ’ மீது இடிக்கும். மூன்று நிலைகளுக்கும் 1.45 கொடுங்கள்.

‘லிங்க் டெக்கரேஷன்’ இணைப்புகளின் அடிக்கோடு. உலாவிகள் அடிக்கோட்டை வரையும்போது எழுத்தின் கீழ்ப்பகுதி குறுக்கிட்டால் அந்த இடத்தில் கோட்டை வெட்டிவிடும். ஆங்கிலத்தில் ஜி, ஒய் போன்ற சில எழுத்துகளுக்கு மட்டும் வெட்டு விழும். தமிழில் ‘குழுமூர்க் குறிப்புகள்’ என்று ஓர் இணைப்பு வைத்துப் பாருங்கள்: கோடு துண்டு துண்டாகக் கிடக்கும். ‘நன்’ என்ற மதிப்பு கொடுத்து அடிக்கோட்டை நீக்கிவிட்டு, நிறத்தால் மட்டும் இணைப்பைக் காட்டுவது கண்ணுக்கு இதம். நிற வேறுபாடு சரியாகத் தெரியாதவர்கள் அடிக்கோட்டை விட்டுவைப்பதே நல்லது.

‘நாவ் ஐட்டம் ஒயிட் ஸ்பேஸ்’ இடப்பக்கக் கோப்புப் பட்டியலுக்கானது. ஒரே வரியில் அடங்காத பெயர்களை அப்சிடியன் வெட்டி மூன்று புள்ளி வைக்கும். ‘திருநெல்வேலி மாவட்டக் குளங்கள் ஒன்று’, ‘திருநெல்வேலி மாவட்டக் குளங்கள் இரண்டு’ என்று கோப்புகள் வைத்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ‘நார்மல்’ என்று கொடுத்தால் பெயர் அடுத்த வரிக்கு மடங்கி முழுதாகத் தெரியும்.

அடைப்பை மூடிய பிறகு, சாய்வெழுத்துக்கென ஒரு தனி விதி. தமிழில் சாய்வெழுத்து மரபு கிடையாது. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்ந்த வடிவமே இல்லை. உலாவி நேரெழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்த்துக் காட்டுகிறது. படிக்கவும் கடினம், பார்க்கவும் அழகில்லை. இதற்குத் தேர்விகள் (விதி எதற்குப் பொருந்தும் என்று சொல்லும் பெயர்கள்) இரண்டு: வாசிப்புக் காட்சிக்கு ‘இஎம்’ என்ற குறி, எழுதும் காட்சிக்குப் புள்ளியுடன் ‘சிஎம்-இஎம்’ என்ற வகுப்பு. இரண்டையும் காற்புள்ளியால் பிரித்து எழுதி, அடைப்புக்குள் ‘ஃபாண்ட்-ஸ்டைல்’ என்ற பண்புக்கு ‘நார்மல்’ என்று கொடுங்கள். இது மாறியன்று, பண்பு. முன்னால் இரட்டைச் சிறுகோடு வேண்டாம். அதே அடைப்புக்குள் ‘கலர்’ என்ற பண்புக்கு ஒரு நிறத்தையும் கொடுத்துவிட்டால் சாய்க்காமலேயே வேறுபாடு தெரியும். நூல் பெயர்களையும் பிறமொழிச் சொற்களையும் நான் இப்படித்தான் காட்டுகிறேன். அரக்குச் சிவப்பு பொருத்தமாக இருக்கிறது.

கோப்பைச் சேமித்து, ‘சிஎஸ்எஸ் ஸ்னிப்பெட்ஸ்’ பகுதியிலுள்ள புதுப்பிக்கும் சின்னத்தை அழுத்துங்கள். கோப்பின் பெயர் பட்டியலில் வரும். பக்கத்திலுள்ள விசையை இயக்குங்கள். இதற்குப் பிறகு கோப்பைத் திருத்திச் சேமிக்கும்போதெல்லாம் மாற்றம் உடனே திரையில் தெரியும். உரைத் திருத்தியை ஒரு பக்கமும் அப்சிடியனை மறு பக்கமும் வைத்துக்கொண்டு 1.7, 1.75, 1.8 என்று எண்ணை மாற்றிப் பார்ப்பதே உங்கள் கண்ணுக்கேற்ற அளவைக் கண்டுபிடிக்கும் வழி. வேறு வேறு வேலைக்கு வேறு வேறு கோப்புகளாக வைத்துக்கொண்டால் ஒன்றை மட்டும் அணைத்துப் பார்ப்பதும் எளிது.

ஒரு குறிப்புக்கு மட்டும் தனித் தோற்றம்

கவிதைக்கும் கணக்குக்கும் ஒரே வரி அகலம் எதற்கு? குறிப்பின் தலைப்பகுதியில் பிராப்பர்ட்டியாக (குறிப்பைப் பற்றிய விவர வரியாக) ‘சிஎஸ்எஸ்கிளாசஸ்’ என்பதைச் சேர்த்து ஒரு வகுப்புப் பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயருக்கு எழுதிய விதிகள் அந்தக் குறிப்பில் மட்டும் செல்லுபடியாகும். வகுப்புப் பெயர் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் சிஎஸ்எஸ்ஸில் இல்லை. ‘கவிதை’ என்றே வைக்கலாம். ஸ்னிப்பெட்டில் ஒரு புள்ளி வைத்து அதை ஒட்டிக் ‘கவிதை’ என்று எழுதி, அடைப்புக்குள் வரி அகலத்துக்கு 520 பிக்செலும் வரி இடைவெளிக்கு 2உம் கொடுத்துப் பாருங்கள். பக்கம் சட்டென்று ஒரு கவிதைத் தொகுப்பின் பக்கமாகிவிடும்.

கவிதை எழுதுகிறவர்கள் ‘எடிட்டர்’ பக்கத்தில் ‘ஸ்ட்ரிக்ட் லைன் பிரேக்ஸ்’ அணைந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். அது இயங்கினால், மார்க்டவுன் மரபுப்படி, அடுத்தடுத்த அடிகள் வாசிப்புக் காட்சியில் ஒரே பத்தியாக ஒட்டிக்கொள்ளும். வெண்பா உரைநடையாகிவிடும்.

அகலமான அட்டவணை உள்ள குறிப்புகளுக்கு ‘அகலம்’ என்று இன்னொரு வகுப்பு வைத்து 1100 பிக்செல் கொடுக்கலாம். இரண்டு மூன்று வகுப்புகளுக்கு மேல் போனால் எந்தக் குறிப்புக்கு எது என்று நினைவு வைப்பதே ஒரு வேலையாகிவிடும்.

கடைசியாக நிறம்

வெளிச்சமா இருட்டா என்பதை ‘பேஸ் கலர் ஸ்கீம்’ முடிவு செய்கிறது. இயங்குதளத்தைப் பின்பற்றும்படி விட்டால் பகலில் வெளிச்சமும் இரவில் இருட்டுமாக அதுவே மாறிக்கொள்ளும், கணினியில் அப்படி அமைத்திருந்தால்.

இருட்டுத் தோற்றத்தில் தமிழுக்கு ஒரு சிக்கல் உண்டு. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து சற்றே கசிந்து தடித்ததுபோல் தெரியும். சிதறல் பார்வை உள்ளவர்களுக்கு இது இன்னும் அதிகம். வளைவுகளும் சிறு உள்வெளிகளும் நிறைந்த நம் எழுத்தில் இந்தக் கசிவு உடனே உறுத்தும். சுத்த வெள்ளைக்குப் பதிலாக மங்கிய சாம்பல் வெள்ளையையும், சுத்தக் கறுப்புக்குப் பதிலாகக் கரும் சாம்பலையும் வையுங்கள். எழுத்துருவில் ‘லைட்’ போன்ற மெலிந்த தடிமன் இருந்தால் இருட்டுக்கு மட்டும் அதைச் சோதிக்கலாம். ‘டெக்ஸ்ட் நார்மல்’ எழுத்தின் நிறம். ‘பேக்ரவுண்ட் பிரைமரி’ பின்னணியின் நிறம். இவற்றைப் ‘பாடி’க்குள் எழுதாமல், வெளிச்சத்துக்குப் புள்ளியுடன் ‘தீம்-லைட்’, இருட்டுக்குப் புள்ளியுடன் ‘தீம்-டார்க்’ என்ற இரண்டு தனி அடைப்புகளில் எழுதுங்கள். ஒரே நிறத்தை இரண்டுக்கும் கொடுத்தால் ஏதாவது ஒன்றில் எழுத்தே தெரியாது.

நிறத்தைக் கண்மதிப்பில் தேர்ந்தெடுத்தாலும் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டை அளந்துவிடுங்கள். வலைப்பக்கங்களின் அணுகல்தன்மைக்கான நெறிமுறை சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 என்கிறது; கடுமையான நிலைக்கு 7க்கு 1. அளப்பதற்குக் கருவி அப்சிடியனுக்குள்ளேயே இருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஐ மூன்றையும் அழுத்தினால் நிரலாளர் கருவிப்பெட்டி திறக்கும்; மேக்கில் கமாண்ட், ஆப்ஷன், ஐ. அதன் இடது மேல் மூலையிலுள்ள அம்புச் சின்னத்தைத் தொட்டு, குறிப்பிலுள்ள ஒரு வரியைச் சொடுக்கி, வலப்பக்கத்தில் எழுத்தின் நிறத்தைக் காட்டும் சிறு சதுரத்தை அழுத்தினால், நிறத் தேர்வியோடு அந்த விகிதமும் தெரியும்.

சொந்தமாக நிறம் கலக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஆயத்தத் தொகுப்புகள் இருக்கின்றன. ஈத்தன் ஷூனோவர் 2011இல் வெளியிட்ட சோலரைஸ்டு 16 நிறங்கள் கொண்டது; அதன் வெளிச்ச வடிவத்தின் பின்னணி பழுப்பேறிய காகிதத்தின் நிறம். நீண்ட நேரம் எழுதுகிறவர்களுக்கு உகந்தது, ஆனால் அதன் உடலெழுத்து நிறம் தமிழின் மெல்லிய கோடுகளுக்குச் சற்று வெளிறிப்போகிறது. பின்னணியை மட்டும் எடுத்துக்கொண்டு எழுத்தை இன்னும் கருமையாக்கிவிடுங்கள்.

இணைப்பு, பொத்தான் முதலியவற்றின் நிறத்துக்கு ‘ஆக்சென்ட் கலர்’ ஒன்றே போதும். தலைப்புக்கு ஒரு நிறம், பட்டியலுக்கு ஒரு நிறம், மேற்கோளுக்கு ஒரு நிறம் என்று வானவில் கட்டும் தீம்களும் உண்டு. பொங்கல் கோலத்தை ரசிக்கலாம், அதன் மேல் உட்கார்ந்து எழுத முடியாது.

கைபேசியில்

மறைவுக் கோப்புறையும் சேர்ந்து ஒத்திசைந்தால் தீமும் ஸ்னிப்பெட்டும் கைபேசியிலும் வேலை செய்யும். அப்சிடியனின் சொந்த ஒத்திசைவுச் சேவையில் தோற்ற அமைப்புகளுக்கும் தீம்கள், ஸ்னிப்பெட்டுகளுக்கும் தனித்தனி விசைகள் இருக்கின்றன. இயக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். கணினியில் நிறுவிய எழுத்துரு மட்டும் கைபேசிக்கு வராது. ஆண்ட்ராய்டில் நோட்டோ தமிழும் ஐபோனில் தமிழ் சங்கமும் வந்து நிற்கும். இரண்டுமே படிக்க நல்லவை என்பதால் இதற்காக மெனக்கெட வேண்டியதில்லை. குறுகிய திரையில் வரி அகல மாறிக்கு வேலையில்லை. வரி இடைவெளியும் தலைப்பின் இடைவெளியும்தான் அங்கே கண்கூடாகப் பலன் தரும்.

ஏதாவது கெட்டுப்போனால்

எழுதிய விதி எடுபடவில்லை என்றால், முதலில் விட்டுப்போன அரைப்புள்ளி அல்லது மூடாத அடைப்பைத் தேடுங்கள். சிஎஸ்எஸ் பிழைச் செய்தி எதுவும் காட்டாது. புரியாத வரியைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். எல்லாம் சரியாக இருந்தும் மாற்றம் தெரியாவிட்டால், தீம் உங்கள் விதியை மீறுகிறது என்று பொருள். தீமை இயல்பு நிலைக்கு மாற்றிப் பாருங்கள். அப்போது மாற்றம் தெரிந்தால் அதே விதியைப் ‘பாடி’க்குப் பதிலாகப் புள்ளியுடன் ‘தீம்-லைட்’, ‘தீம்-டார்க்’ இரண்டிலும் எழுதுங்கள். வகுப்பின் பெயரில் எழுதிய விதிக்கு உலாவி கூடுதல் மதிப்புக் கொடுக்கும்.

செயலியின் ஏதோ ஒரு பகுதியே மறைந்துபோய் செட்டிங்ஸைக்கூடத் திறக்க முடியவில்லை என்றால், செயலியை மூடிவிட்டு, ஸ்னிப்பெட் கோப்பின் பெயரை மாற்றுங்கள் அல்லது கோப்பை வெளியே நகர்த்துங்கள். மீண்டும் திறந்தால் அது இல்லாமல் தொடங்கும். அதுவும் உதவவில்லையா? ‘.அப்சிடியன்’ கோப்புறையையே பெயர் மாற்றிவிட்டுத் திறங்கள். செயலி புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும், தோற்றமும் பிளகின்களும் தொடக்க நிலைக்குப் போகும். குறிப்புகள் அந்தக் கோப்புறைக்கு வெளியே இருப்பதால் அவை இருந்தபடியே இருக்கும். பழைய கோப்புறையிலிருந்து ஸ்னிப்பெட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்தால் எதில் கோளாறு என்பது பிடிபட்டுவிடும்.